ஜூஸர் வாங்கியாச்சு, சாப்பாட்டை நிறுத்தாதீங்க

போலீஸ் செலக்‌ஷன் அறிவிப்பு வந்ததும் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக் கல்லூரி மைதானங்கள் விடியற்காலையிலேயே நிறைந்துவிடும். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், கயிறு ஏற வேண்டும். அதற்காக உடம்பைத் தயார் செய்யும் தம்பி தங்கைகள் பலரின் வீட்டில் இப்போது ஜூஸர் இருக்கிறது. இங்கே உணவு ஆலோசகராக இருக்கும் என்னிடம் அவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஜூஸ் குடிக்கலாம் மேடம்?" என்பதுதான். அதைச் சொல்வதற்கு முன் அன்றைக்கு என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பேன். பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

பர்கூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, பயிற்சி முடிந்து பத்து மணி ஆனால் கண் இருட்டுகிறது என்றார். காலையில் எழுந்ததும் ஆப்பிள், கேரட், பீட்ரூட் சேர்த்து ஒரு பெரிய சொம்பு ஜூஸ். ஓடி முடித்ததும் சாத்துக்குடி ஜூஸ். டிபன் கிடையாது. "ஜூஸே போதும்னு கூட ஓடுறவங்க சொன்னாங்க மேடம்" என்றார். சக்கையை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். மாட்டுக்குப் போட்டுவிடுகிறார்களாம். காசு கொடுத்து வாங்கிய காய்கறியின் நார்ச்சத்தில் பெரும்பகுதி மாட்டுக்குப் போகிறது, அவருக்கு மிஞ்சுவது சர்க்கரையும் தண்ணீரும் கொஞ்சம் வைட்டமினும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி சாத்துக்குடி ஜூஸுக்கு மூன்று நான்கு பழம் தேவை. அதில் சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கும். புரதம் 2 கிராம் தேறுவதே கஷ்டம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. தசை வலுவாகப் பயிற்சி செய்பவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் என்றால் குறைந்தது 72 கிராம். எத்தனை சொம்பு ஜூஸ் குடித்தாலும் அந்தப் பக்கமே போக முடியாது. உலக சுகாதார அமைப்பு பழச்சாற்றில் இருக்கும் சர்க்கரையையும், நாம் அள்ளிப் போடும் வெள்ளைச் சர்க்கரையையும் ஒரே கணக்கில்தான் வைக்கிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது மொத்தம் 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. முழுப் பழமாகக் கடித்துச் சாப்பிட்டால் இந்தக் கணக்கு இல்லை.

அப்படியானால் ஜூஸர் வீணா? இல்லவே இல்லை. நேரமும் அளவும் தெரிந்தால் நல்ல துணை. நீண்ட நேரம் ஓடி முடித்தவருக்கு வேகமாகச் சேரும் சர்க்கரை தேவைதான். ஆனால் அப்படியே குடித்தால் சிலருக்கு வயிறு கலக்கும். பாதி ஜூஸ், பாதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு என்று கலந்து ஒரு சின்ன டம்ளர் குடியுங்கள். வியர்வையில் தண்ணீரோடு போவது முக்கியமாக உப்பு. பழச்சாற்றில் அது மிகக் குறைவு. வெயில் காலத்தில் உப்புப் போட்ட நீர்மோர் கிடைத்தால் ஜூஸையே மறந்துவிடலாம். அப்புறம் ஒரு மணி நேரத்துக்குள் ஒழுங்கான சாப்பாடு வேண்டும். களி, கொள்ளுக் குழம்பு, கீரை, முட்டை, ஒரு கை வேர்க்கடலை. நம் ஊர்ச் சாப்பாட்டில் இல்லாத எதையும் நான் எழுதிக் கொடுப்பதில்லை.

பீட்ரூட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஓட்டத்துக்கு உதவும் என்பதற்கு நிஜமாகவே ஆதாரம் இருக்கிறது. அதிலுள்ள நைட்ரேட்டை வாயில் இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. உடம்புக்குள் அது நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாய்களை விரிக்கிறது. அதே வேகத்தில் ஓட உடம்புக்குக் கொஞ்சம் குறைவான ஆக்ஸிஜன் போதும். ஆனால் ஓடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே குடிக்க வேண்டும். மைதானத்து வாசலில் நின்று குடித்தால் பலன் இருக்காது. கிருமிநாசினி மவுத்வாஷ் போட்டு வாய் கொப்பளித்தாலும் அந்தப் பாக்டீரியா போய்விடும். சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், சிலருக்கு அப்படி ஆகும். செலக்‌ஷன் அன்றைக்கு முதல் முறையாகக் குடித்துப் பார்க்காதீர்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பீட்ரூட், பசலைக்கீரை ஜூஸ் பக்கமே போக வேண்டாம், இரண்டிலும் கல் உருவாகக் காரணமாகும் ஆக்ஸலேட் அதிகம். பிரஷர் மாத்திரை போடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

பயிற்சிக்கு வரும் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்களுக்கு நான் சொல்வது நெல்லிக்காய். ஒன்றிரண்டு காயை அடித்து, தண்ணீர் சேர்த்து, சாப்பாட்டோடு குடியுங்கள். கேழ்வரகிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்து நன்றாகச் சேர வைட்டமின் சி உதவும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்த இரும்புச்சத்து சேர்வது குறைந்துவிடும்.

கோல்டு பிரஸ்ஸா, சாதாரண ஜூஸரா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மெதுவாகச் சுற்றும் கோல்டு பிரஸ்ஸில் சாறு கூடுதலாகக் கிடைக்கும், விலையும் அதிகம். இரண்டிலும் சக்கை பிரிந்துதான் போகிறது. மாம்பழம், தக்காளி எல்லாம் மிக்ஸியில் அடித்து வடிகட்டாமல் குடித்தாலே போதும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி மலிந்து கிடக்கும்போது அதை அடித்து, உப்பும் மிளகும் போட்டுக் குடியுங்கள். சாத்துக்குடியைவிடச் சர்க்கரை மிகக் குறைவு. கேரட் சக்கை மிஞ்சினால் அடை மாவில் சேர்க்கலாம். ஜூஸ் குடித்த கையோடு ஜூஸரின் சல்லடையைப் பிரஷ் போட்டுக் கழுவிவிட வேண்டும். சாயங்காலம் வரை விட்டால் கிருமி வளரும்.

மகனுக்காக வாங்கிய ஜூஸரில் சர்க்கரை நோயுள்ள அப்பாவும் குடிக்க ஆரம்பிப்பது பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம், அவருக்கு ஒரு கொய்யாவை நறுக்கிக் கொடுங்கள்.

கடைசியாக, தொப்பை குறையும் என்று காலையில் பச்சையாகக் குடிக்கிற சுரைக்காய் ஜூஸ். சில காய்களில் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு அதிகமாக இருக்கும். கசந்த சுரைக்காய் ஜூஸ் குடித்து நம் நாட்டில் உயிர்போன பிறகுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே இதில் எச்சரிக்கை கொடுத்தது. வெளியே பார்த்தால் நல்ல காய் போலவே இருக்கும். நாக்குதான் காட்டிக் கொடுக்கும். அரைக்கும் முன் ஒரு சின்னத் துண்டை வாயில் வைத்துப் பாருங்கள். லேசாகக் கசந்தாலும் துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கிப் போடுங்கள். தேன், எலுமிச்சை, வேறு ஜூஸ் எதையும் கலந்து கசப்பை மறைக்காதீர்கள். "மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்" என்று கண்ணை மூடிக் குடிப்பவர்களைத்தான் நினைத்து எனக்குப் பயம். குடித்தபின் வாந்தி, வயிற்றுவலி, பேதி, மயக்கம் என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது, சீக்கிரம் ரத்த அழுத்தத்தைக் கவனித்து டிரிப்ஸ் ஏற்றுவதுதான் சிகிச்சை. எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.