முகத்தின் ஒரு பக்கம் துடித்தால் ஊசி எங்கே போடுகிறார்கள்?

நம்ம குமரி மாவட்டத்தில் கண் துடிக்குது என்றால் வலதா இடதா என்றுதான் முதலில் கேட்பார்கள். தூக்கம் கெட்டு, காப்பியும் கூடிப்போனால் கீழ் இமை லேசாகத் துடிப்பது சகஜம், அது தானாகவே நின்றுவிடும். ஆனால் இமையில் தொடங்கிய துடிப்பு மாதக்கணக்கில் விடாமல், கன்னத்துக்கும் கடைவாய்க்கும் இறங்கி, தூக்கத்தில்கூட ஒரு பக்க முகத்தைச் சுண்டி இழுக்கிறதென்றால் அது ஹெமிஃபேஷியல் ஸ்பாசமாக இருக்கலாம். இதைப் பக்கவாதம் என்று பயந்து வர்ம ஆசானிடம் எண்ணெய் போட்டுத் தடவப் போகிறவர்கள் உண்டு. கோளாறு கன்னத்தில் இருந்தால்தானே தடவி சரியாகும்?

முகத்தசைகளை அசைப்பது ஏழாவது கபால நரம்பு. அது மூளைத்தண்டை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் வளைந்து, நரம்பின் மேல் படிந்து, ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் இடித்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இதுதான் காரணம். நாளாக ஆக அங்கே நரம்பின் மேலுறை தேய்ந்து, உறை போன வயர்களில் நடப்பதுபோல, ஒரு இழையின் சிக்னல் பக்கத்து இழைக்குத் தாவுகிறது. கண்ணைச் சிமிட்டினால் வாயும் சேர்ந்து கோணுவது அதனால்தான்.

முன்பெல்லாம் காதுக்குக் கீழே, நரம்பு எலும்பைவிட்டு வெளிவரும் இடத்திலேயே ஆல்கஹால் ஊசி போட்டுப் பார்த்தார்கள். துடிப்பு நிற்கும், ஆனால் அந்தப் பக்க முகமே செயலிழந்து தொங்கிவிடும். மரத்துப்போகும் ஊசி போட்டாலோ சில மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

இப்போது நரம்பின் மூலத்தைத் தொடுவதில்லை, அதன் நுனியை மட்டும் அடைக்கிறார்கள். நரம்புநுனி அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சுரந்தால்தான் தசை சுருங்கும், அந்தச் சுரப்பைப் பொட்டுலினம் டாக்சின் தடுக்கிறது. சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் வளர்த்தெடுத்த இந்த மருந்துக்கு அமெரிக்கா 1989-ல் அனுமதி கொடுத்தது. கண்ணைச் சுற்றி, தலைமுடி மாதிரி மெல்லிய ஊசியால் ஓரிடத்துக்குச் சில யூனிட்தான். மேல் இமையின் நடுவில் மட்டும் குத்தவே மாட்டார்கள், இமையைத் தூக்கும் தசையில் மருந்து பரவினால் கண்ணே திறக்காது, சில வாரங்களுக்கு.

போட்ட அன்றைக்கே பலன் தெரியாது, சில நாள் ஆகும். அப்புறம் மூன்று, நான்கு மாதத்தில் நரம்புநுனி தேறிக்கொள்ளும், துடிப்பு திரும்ப வரும். மருந்து வேலை செய்யவில்லை என்று தயவுசெய்து பாதியில் விட்டுவிடாதீர்கள், திரும்பப் போட வேண்டியதுதான். நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, நரம்புக்கும் குழாய்க்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. காது கேட்பது குறையும் அபாயம் அதில் உண்டு.

நரம்பியல் டாக்டரிடம் போகும்போது, துடிக்கும் நேரத்தில் போனில் எடுத்த வீடியோ ஒன்று கையில் இருக்கட்டும், அவர் முன்னால் உட்காரும்போது பார்த்து துடிப்பு வராமல் போய்விடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.