38 சதவீதத்தில் அணையும் லேப்டாப்

கல்லூரி திறக்கும் மாதங்களில் என் சர்வீஸ் கடைக்கு ரீஃபர்பிஷ்டு லேப்டாப்கள், அதாவது பழையதைச் சரிசெய்து விற்பவை, வரிசையாக வரும். போன மாதம் ஓர் அப்பாவும் மகளும் வந்தார்கள். லேப்டாப் வாங்கி இருபது நாள்தான் ஆகிறது. சார்ஜ் 100 காட்டுகிறது, வகுப்பில் முக்கால் மணி நேரம் ஓடுகிறது, 38 வந்ததும் பட்டென்று அணைந்துவிடுகிறது. "மூணு மணி நேரம் பேக்கப் நிக்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க தம்பி. சைக்கிள் கவுண்ட்கூட வெறும் 90தான்னு காட்டினாங்க" என்றார் அப்பா.

அந்த 90 பொய்யில்லை. சிக்கலே அதுதான்.

பேட்டரியின் முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின்சாரம் செலவானால் ஒரு சைக்கிள். இன்று பாதி, நாளை பாதி என்றாலும் ஒன்றுதான் கணக்கு. நம் சந்தைக்கு வரும் ரீஃபர்பிஷ்டு லேப்டாப்களில் பெரும்பாலானவை கம்பெனிகள் குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுத்தவை. மூன்று நான்கு வருடம் அலுவலக மேஜையில், சார்ஜரைக் கழற்றாமலே ஓடியவை. சைக்கிள் எப்படி ஏறும்? ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயன் செல்லுக்கு நிறைந்த சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆகாது. செல் ஒன்று 4.2 வோல்ட்டிலேயே நின்றுகொண்டு, பக்கத்தில் பிராசஸர் சூடும் வாங்கினால், பயன்படுத்தாமலே வயது ஏறும். அப்புறம் அதே லேப்டாப் விலைபோகும் வரை சில மாதம் குடோனில் கிடக்கும். அங்கே சார்ஜ் தானாக வடிந்து செல் அடிமட்டத்துக்குப் போனால் அது இன்னொரு அடி. ஆகவே குறைந்த சைக்கிளைப் பார்த்து மயங்காதீர்கள். 400 சைக்கிள் ஓடியும் நன்றாக இருக்கும் பேட்டரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

38-இல் அணைவதற்குக் காரணம் வேறு. வயதான செல்லில் உள்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதற்குச் செல்லுக்குள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, கூடிவிடும். லேசான வேலைக்குத் தாங்கும்; வீடியோ கால் மாதிரி ஏதாவது ஓடி மின்சாரத்தை வேகமாக இழுத்தால் வோல்டேஜ் சரிந்துவிடும். மூன்று செல் வரிசையில் ஒன்று மட்டும் சோர்ந்திருந்தாலும் இதே கதைதான். திரையில் தெரியும் சதவீதம், பேட்டரிக்குள் இருக்கும் சிப் போடும் மதிப்பீடு மட்டுமே.

வாங்கும் முன் கடையிலேயே பார்க்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, powercfg /batteryreport என்று தட்டுங்கள். ஓர் அறிக்கை உருவாகும். அதில் டிசைன் கெபாசிட்டி (புதிதில் பிடிக்க வேண்டியது), ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி (இப்போது பிடிப்பது) என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட் அவர். 60 வாட் அவர் பேட்டரி இப்போது 36 மட்டுமே பிடிக்கிறது என்றால் 60 சதவீதம் மிச்சம். டைப் அடிப்பது, படிப்பது போன்ற வேலைக்கு லேப்டாப் 8 வாட் எடுத்தால் நாலரை மணி நேரம். வீடியோ காலில் 15 வாட் எடுத்தால் இரண்டரை மணிக்கும் குறைவு. 80-க்கு மேல் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 60-க்குக் கீழே என்றால் புதுப் பேட்டரியின் விலையையும் லேப்டாப் விலையோடு கூட்டிப் பார்த்து, அப்புறம் பேரம் பேசுங்கள்.

ஆறு வருடப் பழைய லேப்டாப்பில் சைக்கிள் 0, இரண்டு எண்களும் அச்சு அசலாக ஒன்றே என்றால் சந்தேகப்படுங்கள். புதுப் பேட்டரி போட்டிருக்கலாம். சிப்பில் உள்ள கணக்கை அழித்து எழுதியும் இருக்கலாம். அதற்கு ஒரே வைத்தியம், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் வீடியோ ஓடவிடுவது. சதவீதம் சீராக இறங்க வேண்டும். திடீரென்று பத்து பதினைந்து குதித்தால் வேண்டாம். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

மாற்றுவதென்று முடிவானால், லேப்டாப் மாடல் பெயரை வைத்து ஆர்டர் போடாதீர்கள். டெல் லாட்டிட்யூட் 7490 ஒரே மாடல்தான், ஆனால் 42 வாட் அவரிலும் வரும், 60 வாட் அவரிலும் வரும். பின்மூடியைக் கழற்றிப் பழைய பேட்டரி மேல் உள்ள பார்ட் நம்பரைப் பாருங்கள். ஒரிஜினல் கிடைத்தால் நல்லதுதான், ஆனால் தயாரிப்புத் தேதி முக்கியம்; ஐந்து வருடம் அலமாரியில் இருந்த ஒரிஜினலும் கிழடுதான். கம்பாட்டிபிள், அதாவது வேறு கம்பெனி செய்த பொருந்தும் பேட்டரி, வாங்கினால் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் முத்திரையும் அதன் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை லித்தியம் பேட்டரிக்கு இந்தியாவில் அது கட்டாயம். வேறு லேப்டாப்பில் கழற்றிய பழைய பேட்டரியை நான் போடுவதே இல்லை. "செல் மட்டும் மாத்தித் தர்றோம்" என்பவர்களிடமும் கவனமாக இருங்கள். செல்லைத் துண்டித்ததும் தன்னையே பூட்டிக்கொள்ளும் சிப்கள் உண்டு. மெல்லிய பை வடிவச் செல்களில் கைவேலை செய்வது ஆபத்தும்கூட.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் லெனோவோவின் திங்க்பேட் டி480-ஐ யோசித்துப் பாருங்கள். அதில் உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் கழற்றக்கூடியது இன்னொன்று. லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருப்பதை மாற்றலாம். அடுத்து வந்த டி490-இல் இந்த வசதி போய்விட்டது. எனக்கு இன்னும் வருத்தம்தான்.

டச்பேட் மேலே தூக்கினாலோ, கிளிக் ஆகாமல் இறுகினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். உள்ளே எலக்ட்ரோலைட் என்ற வேதித் திரவம் சிதைந்து வாயு சேர்ந்திருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள். ஊசியால் குத்தி "காத்து இறக்கி" எடுத்துவந்த ஒருவரையும் பார்த்துவிட்டேன். நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை.

புதிது போட்ட பிறகு, எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்பவர்கள் 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பல பிராண்டுகளின் மென்பொருளிலோ, விண்டோஸ் வரும் முன்பே திறக்கும் பயாஸ் அமைப்பிலோ இந்த வசதி இருக்கிறது.

அந்த அப்பா அறிக்கையை அச்சிட்டு வாங்கிக்கொண்டு விற்ற கடைக்குப் போனார். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பேட்டரி, சார்ஜருக்கு வாரண்டி இல்லை' என்று இருந்ததாம். மறுநாள் திரும்பி வந்தார்கள். முத்திரை உள்ள கம்பாட்டிபிள் ஒன்று போட்டுக் கொடுத்தேன். பழையதைக் குப்பையில் போடக் கூடாது என்பது 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதி. இ-வேஸ்ட் எடுப்பவர் வரும் வரை அது என் கடை மூலையில், மணல் வாளிக்குள் இருக்கிறது.