பாலிசி: கொள்கை அல்ல, பத்திரம்

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் பிக்கப் ஓட்டுகிறார். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை ஏற்றி ஃபேக்டரியில் இறக்குவது தொழில். ஐப்பசி மழையில் சாக்கு மூட்டையோடு சறுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு மாதம் வண்டி எடுக்க முடியவில்லை. "பாலிசி போட்டிருக்காரே தம்பி, ஏதாச்சும் வருமா பாருங்க" என்று அண்ணி டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். ஈரக்காற்றில் தாள்கள் ஒட்டிக்கொண்டு, ஓரத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது. கத்தி முனையால் மெதுவாகப் பிரித்துப் படித்தேன். அது ஆயுள் காப்பீடு. கால் முறிந்ததற்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. வருஷக்கணக்காகப் பணம் கட்டியவர்கள், அந்தத் தாளை அன்றுதான் முதல்முறையாகப் படிக்கக் கேட்டார்கள்.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் வரும் 'பாலிசி' உண்மையில் இரண்டு சொற்கள். அரசின் கொள்கையைக் குறிக்கும் பாலிசி, 'நகரம்', 'ஆட்சி' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காப்பீட்டுப் பாலிசிக்கு வேர் வேறு. கிரேக்கத்தில் 'அபோதெய்க்ஸிஸ்' என்றால் சான்று, எடுத்துக்காட்டல். அது லத்தீன் வழியாக இத்தாலியில் 'போலிஸா' ஆகி, ரசீது, ஒப்பந்தச் சீட்டு என்ற பொருள் பெற்றது. பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போனபோது மற்றச் சொல்லோடு ஒலியில் கலந்துவிட்டது.

ஆகவே இன்று பல இடங்களில் பார்க்கும் 'காப்பீட்டுக் கொள்கை' பிழை. 'காப்பீட்டுப் பத்திரம்' என்பதே சரி. வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம் என்று நமக்குப் பழகிய சொல். கேட்டதும் எழுதிக் கையெழுத்தான தாள் கண்முன் வரும். இலங்கையில் காப்பீட்டைக் 'காப்புறுதி' என்கிறார்கள். அங்கே காணிப் பத்திரத்துக்கே 'உறுதி' என்றுதான் பெயர். அழகான பொருத்தம். நம் 'காப்பீடு' என்பதில் இருக்கும் 'ஈடு' இழப்பைச் சரிக்கட்டுவது. எந்த இழப்புக்கு ஈடு என்பதைப் பத்திரம்தான் சொல்லும்.

சம்பாதிப்பவர் படுத்துவிட்டால் நிற்கும் வருமானத்துக்கு ஈடு வேண்டுமென்றால், பத்திரத்தில் தேட வேண்டிய சொல் 'தற்காலிக முழு இயலாமை'. குணமாகும்வரை வாரக் கணக்கில் பணம் தரும் பிரிவு அது. வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனா என்ற அரசு விபத்துக் காப்பீட்டை 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் வைத்திருக்கலாம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர முழு ஊனமானாலோ 2 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஆனால் ஆறிவிடும் எலும்பு முறிவுக்கு அதில் எதுவும் கிடையாது. அதற்கு மேல் ஒரு தனிநபர் விபத்துக் காப்பீடு வேண்டும். 2021-இல் வந்த 'சரல் சுரக்ஷா பீமா' பல காப்பீட்டுக் கம்பெனிகளிலும் ஒரே விதிகளோடு கிடைக்கும் பத்திரம். குறைந்தது இரண்டரை லட்சத்துக்கு எடுக்கலாம். தற்காலிக இயலாமைப் பிரிவைக் கேட்டுச் சேர்த்தால் வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 0.2 சதவீதம், 5 லட்சத்துக்கு 1,000 ரூபாய். வாரக் கூலிக்கு இது முழு ஈடு ஆகாதுதான், மளிகைக்கு ஆகும். காய்ச்சல், மாரடைப்பு போன்ற நோய்கள் இதில் வராது என்பதையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். டிரைவர் என்றால் டிரைவர் என்றே தொழிலை எழுதச் சொல்லுங்கள். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, பணம் கேட்கும் நாளில் அந்த வரியைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள், பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அண்ணன் இப்போது ஒன்று எடுத்திருக்கிறார். வந்த அன்றே அண்ணி என்னை உட்கார வைத்து வரி வரியாகப் படிக்கச் சொன்னார். வாரத் தொகை எழுதியிருந்த இடத்தில் மகளின் பென்சிலால் கோடு போட்டு, அடுப்புக்கு மேல் ஈரம் ஏறாத பலகையில் வைத்தார்.