வெள்ளி ரூபாயின் வெண்மை எங்கிருந்து வந்தது?

விக்டோரியா அரசியின் தலை பொறித்த 1862ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்று கண்ணைப் பறிக்கும் வெண்மையுடன் விற்பனைக்கு வந்தால், அனுபவமுள்ள நாணயவியலாளர் முதலில் அந்த வெண்மையைத்தான் சந்தேகிப்பார். அச்சடித்த அன்று கிடைத்த பளபளப்பு, கைமாறிக் கைமாறி ஏற்பட்ட தேய்மானம், காற்றுப்பட்டுப் படிந்த கறுமை ஆகிய மூன்றும் ஒரு காலவரிசைப்படியே நாணயத்தின் மேல் அமைகின்றன. வேதிப்பொருளால் கழுவும்போது அந்த வரிசை குலைந்துவிடுகிறது. நாணயம் கழுவப்பட்டதா என்று கண்டறிவது, பெரும்பாலும் அந்தக் குலைவைத் தேடுவதே ஆகும்.

அந்த ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி ஒரு பங்கு செம்பு. 1940இல் வெள்ளியின் பங்கு மொத்த எடையில் பாதியாகக் குறைக்கப்படும் வரை பிரிட்டிஷ் இந்திய ரூபாயில் இந்தக் கலவையே நீடித்தது. காற்றில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து, வெள்ளி சல்ஃபைடு என்னும் கரிய சேர்மத்தை அதன் மேல் படியச் செய்கின்றன. படலம் சில பத்து நானோமீட்டர் தடிப்பில் இருக்கும்போது, அதன் மேற்புறத்திலிருந்தும் அடிப்புறத்திலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறங்களை உண்டாக்குகின்றன. முதலில் இளம்பொன் நிறம், பின்பு செம்மை, அடுத்து ஊதா, நீலம் எனத் தடிப்புக்கேற்ப நிறம் மாறிச் சென்று, படலம் மேலும் தடிக்கும்போது சாம்பலிலும் கருமையிலும் முடிகிறது. சேகரிப்பாளர்கள் இதை டோனிங் என்பார்கள். நிறங்கள் தடிப்பைப் பொறுத்தவை என்பதால், இயற்கையாகப் படிந்த டோனிங்கில் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு இடையிலுள்ள படிநிலைகள் எல்லாம் காணப்படும். காகித உறையிலோ ஆல்பத்திலோ கிடந்த நாணயத்தில் இது பெரும்பாலும் விளிம்பில் தொடங்கி மெல்ல உள்நோக்கி நகர்ந்திருக்கும்.

கறுமைக்கு அடியில் இருப்பது அச்சடிப்பின் பளபளப்பு. கழுவியதைக் கண்டுபிடிக்க விரும்புவோர் வேறு எதையும்விட இதையே நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நாணயச்சாலையில் வெற்றுத் தகட்டின் மீது அச்சு பேரழுத்தத்துடன் இறங்கும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒழுகி அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. பல ஆயிரம் நாணயங்களை அடித்த அச்சின் முகத்தில் இந்த ஒழுக்கு மிக நுண்ணிய ஆர வரிகளை உருவாக்கிவிடும். அந்த வரிகள் அடுத்தடுத்த நாணயங்களிலும் பதிகின்றன. ஒற்றை விளக்கின் கீழ் அத்தகைய நாணயத்தைச் சாய்த்துச் சுழற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் சுழல்வது போல் ஒளிப்பட்டைகள் நாணயத்தைச் சுற்றி ஓடும். இந்த ஓட்டத்துக்குக் காரணமான வரிகள் கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத அளவு நுண்ணியவை. அதனாலேயே எளிதில் அழியக்கூடியவை.

நாணயத்தை நனைத்துக் கறுமையைப் போக்க விற்பனையில் கிடைக்கும் "டிப்" திரவங்கள் பலவற்றில் தயோயூரியாவும் ஓர் அமிலமும் கலந்திருக்கும். அமிலம் சல்ஃபைடைத் தாக்க, தயோயூரியா வெள்ளி அயனிகளைப் பற்றிக்கொண்டு கரைசலுக்குள் இழுத்துச் செல்கிறது. கறுமை சில விநாடிகளில் மறைந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சல்ஃபைடில் இருந்த வெள்ளி, ஒரு காலத்தில் நாணயத்தின் மேற்பரப்பாகவே இருந்தது. கறுமை போகும்போது அதுவும் சேர்ந்தே போகிறது. மீண்டும் மீண்டும் கழுவும்போதும், திரவத்தில் அதிக நேரம் ஊறவிடும்போதும் ஆர வரிகளின் முகடுகள் மழுங்குகின்றன. நாணயம் வெண்மையாகவே இருக்கும். சுழற்றினால் மட்டும் ஒளிப்பட்டை ஓடாது. எந்தக் கோணத்திலும் ஒரே மாதிரியான, உயிரற்ற வெளிச்சம்தான் தெரியும். திரவத்தைச் சரியாக அலசாமல் விட்டிருந்தால், எழுத்துகளை ஒட்டி மஞ்சளும் பழுப்புமாகப் புள்ளிகள் பின்னர் தோன்றும்.

புழங்கித் தேய்ந்த நாணயத்தில் தீர்ப்பு இன்னும் எளிது. அரசியின் கன்னமும் தலைமுடியும் தேய்ந்திருந்தால் அங்கே பளபளப்பு எப்போதோ போயிருக்க வேண்டும். மேடுகள் மங்கிய சாம்பல் நிறத்திலும், எழுத்துகளின் இடுக்குகளும் உடையின் மடிப்புகளும் அதைவிடக் கறுத்தும் இருப்பதே இயல்பு. தேய்ந்த மேடும் தேயாத பள்ளமும் ஒரே சீரான வெண்மையில் இருந்தால், தேய்மானத்துக்குப் பின்னரே அந்த வெண்மை வந்திருக்க முடியும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கொண்டு ஓ, ஆர் போன்ற ஆங்கில எழுத்துகளின் மூடிய வளையங்களுக்குள்ளும், விளிம்பின் வரிப்பள்ளங்களுக்குள்ளும் கறுமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கழுவிய பின் மீண்டும் கறுக்க விட்ட நாணயங்களும், கந்தகச் சேர்மங்களைப் பூசி வேண்டுமென்றே நிறமேற்றியவையும் சந்தைக்கு வருகின்றன. இங்கேயும் காலவரிசையே கைகொடுக்கிறது. பழைய கறுமையின் மேல் பின்னர் விழுந்த கீறல் அந்தக் கறுமையை அறுத்துக்கொண்டு பளிச்சென்று தெரியும். கீறலின் உள்ளேயும் அதே நிறம் தொடர்ந்தால், நிறம் கீறலுக்குப் பிந்தையது. ஒரே திசையில் செல்லும் எண்ணற்ற மயிரிழைக் கீறல்கள் டோனிங்குக்கு அடியில் காணப்பட்டால், யாரோ ஒருவர் நாணயத்தைத் தேய்த்துத் துலக்கியிருக்கிறார், கறுமை அதன் பிறகே படிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

நம் வீடுகளில் வெள்ளிப் பாத்திரத்தை விபூதியால் துலக்கும் வழக்கம் நாணயங்களுக்கும் நீண்டுவிட்டது வருத்தத்துக்குரியது. அது வேதிமுறையைவிட உராய்வு முறையே. மயிரிழைக் கீறல்களையும் இடுக்குகளில் வெண்பொடியையும் விட்டுச் செல்லும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் கலந்த வெந்நீர் முறை வேறு வகையானது. வெள்ளி சல்ஃபைடை அலுமினியம் ஒடுக்கி, அதாவது அதிலுள்ள கந்தகத்தை நீக்கி, மீண்டும் வெள்ளியாக்குகிறது. இதனால் வெள்ளி இழப்பில்லை என்று பலர் இதைப் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் திரும்பி வரும் வெள்ளி பழைய வரிகளின் வடிவில் அமையாமல், நுண்துளைகள் கொண்ட தளர்ந்த துகள்களாகப் படிகிறது. தடித்த கறுமை இருந்த இடத்தில் மங்கலான, மாவு பூத்தது போன்ற வெண்மை தோன்றுவது அதனால்தான். அசிட்டோனை இவற்றின் வரிசையில் வைக்கக் கூடாது. அது எண்ணெய்ப் பிசுக்கையும் பிளாஸ்டிக் உறையின் படிவையும் கரைக்குமே தவிர, வெள்ளியோடு வினைபுரியாது.

எடை பார்த்துக் கழுவலைக் கண்டுபிடிக்க இயலாது. சுமார் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரூபாயின் முழு மேற்பரப்பிலிருந்தும் 100 நானோமீட்டர் தடிப்புக்கு வெள்ளியைக் கரைத்தாலும் குறைவது இரண்டு மில்லிகிராமுக்கும் குறைவே. புழக்கத்தில் தேய்ந்து போகும் எடை இதைப் பல மடங்கு மிஞ்சும். உலோகக் கலவையின் விகிதத்தை அளக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி, மேற்பரப்பில் செம்பு குறைந்து வெள்ளி கூடியிருப்பதைக் காட்டலாம். அமிலம் செம்பைக் கரைத்திருப்பதற்கு அது அறிகுறியே. ஆயினும், தகடுகளைச் சூடாக்கிய பின் நீர்த்த அமிலத்தில் வெளுப்பது நாணயச்சாலைகளிலேயே நடந்த வேலை. மண்ணில் புதைந்து கிடந்தாலும் செம்பு கசிந்து வெளியேறும். ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்துக் கழுவப்பட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

புழக்கத்துக்கே வராத நாணயம் ஒன்றை ஒரே ஒரு முறை, சில விநாடிகள் மட்டும் நனைத்து நன்றாக அலசியிருந்தால், தேர்ந்த கண்ணும் அதைக் கண்டறியாமல் போகலாம். ஆர வரிகள் இன்னும் நிற்கும், ஒளிப்பட்டை இன்னும் ஓடும். அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகியவையும் பளபளப்பு குன்றாத அத்தகைய நாணயங்களுக்கு எண் தரம், அதாவது நாணயத்தின் நிலையைக் காட்டும் மதிப்பெண், வழங்குகின்றன. மேற்பரப்பு சிதைந்தவற்றுக்கே, எண் தரம் தராமல், "கழுவப்பட்டது" என்னும் குறிப்பைச் சேர்க்கின்றன.