மூன்று மில்லி செகண்டுக்கு ஒரு குழாய்

1967இல் அமெரிக்காவில் செவ்ரலே கமாரோ இசட்/28 வாங்கியவர்கள் கூடுதலாகக் காசு கட்டினால் எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுப்பான எக்ஸாஸ்ட் ஹெடரும் ஒரு ஜோடி கிடைத்தது. ஆனால் எஞ்சினில் மாட்டித் தர மாட்டார்கள். டிக்கியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். மாட்டுவது வாங்கியவர் பாடு. டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் எஞ்சின் 305 கன அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பதால் 302 கன அங்குல வி8 எஞ்சினை வைத்துச் செய்த கார் அது. முதல் ஆண்டில் மொத்தமே 602 கார்கள்தான்.

பழைய மஸில் கார் (பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க வேகக் கார்) வைத்திருப்பவர்கள் இன்றும் முதலில் ஆசைப்படுவது ஹெடருக்குத்தான். பெரும்பாலானவர்கள் தேவைக்கு மேல் பெரியதாக வாங்கிவிடுகிறார்கள். அது ஏன் தப்பு என்று புரிய, குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கம்பெனியிலிருந்து வரும்போது எஞ்சினின் இரண்டு பக்கமும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு இருக்கும். பக்கத்துக்கு நான்கு சிலிண்டர். நான்கின் புகையும் ஒரே குட்டைப் பொந்துக்குள் கொட்டி ஒரே வாய் வழியாக வெளியேறும். மலிவு, உறுதி, சத்தமும் குறைவு. ஹெடரில் அந்த இரும்புக் கட்டிக்குப் பதிலாகச் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு எஃகுக் குழாய்கள். தனித்தனியே வளைந்து நெளிந்து இறங்கி, கலெக்டர் என்ற பெரிய குழாயில் ஒன்று சேரும்.

குழாய் அகலமாக இருந்தால் புகை தடையில்லாமல் போகும், சக்தி கூடும் என்பார்கள். பாதிதான் சரி. பிஸ்டன் கீழே போய்ச் சேரும் முன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடுகிறது. உள்ளே அப்போதும் காற்றழுத்தத்தைப் போலப் பல மடங்கு அழுத்தம். அது பட்டென்று வெடித்து வெளியேறும்போது குழாய்க்குள் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. புகை நகரும் வேகம் வேறு, இந்த அலையின் வேகம் வேறு. அலை அந்தச் சூட்டில் நொடிக்குக் கிட்டத்தட்ட 600 மீட்டர் போகும். கலெக்டரின் அகன்ற வாயைத் தொட்டதும் அது தலைகீழாக மாறுகிறது. தள்ளிக்கொண்டு போன அலை உறிஞ்சும் அலையாகி வால்வை நோக்கித் திரும்புகிறது.

பிஸ்டன் உச்சிக்கு வரும் சமயத்தில், புகை வெளியேறும் வால்வு மூடி முடிக்கும் முன்பே புதுக் கலவை வரும் வால்வு திறக்கத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் உறிஞ்சும் அலை வந்து சேர்ந்தால் ஜாக்பாட்: மிச்சப் புகையை வெளியே இழுத்து, பின்னாலேயே புதுக் கலவையையும் உள்ளே இழுத்துவிடும். முன்பின் வந்தால் அந்த லாபம் போச்சு. வேளை கெட்ட வேளையில் தள்ளும் அலை வந்தாலோ, புகையைத் திரும்ப உள்ளேயே திணிக்கும்.

90 செ.மீ. குழாய் என்று வைத்துக்கொள்வோம். அலை போய்த் திரும்ப 1.8 மீட்டர், அதாவது சுமார் 3 மில்லி செகண்ட். 6,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6,000 சுற்று) பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்ட் எடுக்கும். அலை திரும்புவதற்குள் 108 டிகிரி சுற்றியிருக்கும். 2,500 ஆர்பிஎம்மில் அதே 3 மில்லி செகண்டில் 45 டிகிரிதான். அலைக்கு எஞ்சின் வேகம் தெரியாது, அது தன் நேரத்துக்கு வரும். அதனால்தான் எந்த ஹெடரும் எல்லா வேகத்திலும் கைகொடுப்பதில்லை. நீளக் குழாய் குறைந்த, நடு ஆர்பிஎம்முக்கு. குட்டைக் குழாய் மேல் ஆர்பிஎம்முக்கு. இன்னொன்று: கம்பெனி போட்டுத் தரும் கேமில் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் ரொம்பக் குறைவு. அலை சரியாக வந்தாலும் கதவு மூடிக் கிடந்தால் என்ன செய்வது? கேமை மாற்றாமல் ஹெடரிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

அகலத்துக்கும் இதே நியாயம்தான். 350 கன அங்குல ஸ்மால் பிளாக் (செவ்ரலேயின் சிறிய வகை வி8), தெருவில் ஓட்டும் கார் என்றால் 1⅝ அங்குலக் குழாய் போதும். நல்ல சிலிண்டர் ஹெட், பெரிய கேம் போட்டு 400 குதிரைத் திறனைத் தாண்டினால் 1¾. கெத்தாக இருக்கிறதே என்று 2 அங்குலம் வாங்கினால் குழாயின் உள் குறுக்குப் பரப்பு 1⅝ அங்குலக் குழாயைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். வேகம் குறைந்த புகை குழாயில் சோம்பிக்கொண்டு போகும், சிக்னலில் கிளம்பும்போது கார் மந்தமாக இருக்கும். எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் (வெளியேறும் புகைக்குக் குழாயில் ஏற்படும் தடை) வேண்டும் என்றொரு பேச்சு இதிலிருந்து வந்ததுதான். வேண்டியது வேகம், எதிரழுத்தம் இல்லை.

செவ்ரலே ஸ்மால் பிளாக்கின் எரிப்பு வரிசை, அதாவது சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும் முறை, 1-8-4-3-6-5-7-2. ஒற்றைப்படை எல்லாம் இடப் பக்கம், இரட்டைப்படை வலப் பக்கம். வரிசையில் 5, 7 அடுத்தடுத்து வருகின்றன: ஒரே பக்கத்தில், வெறும் 90 டிகிரி இடைவெளியில். வலப் பக்கத்தில் 8, 4. அமெரிக்க வி8 எஞ்சினின் அந்தக் கடகடப்புக்குக் காரணம் இந்த ஒழுங்கில்லாத தாளம்தான். ஒரே கலெக்டரில் இரண்டு அலைகள் மோதிக்கொள்வதைத் தவிர்க்க, ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரில் ஒரு பக்கக் குழாய்களை மறுபக்கத்துக்குக் கடத்திப் பின்னினார்கள். பார்க்கப் பாம்புக் கூட்டம்போல இருக்கும், பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. தெருக் காரில் அதற்கெல்லாம் இடம் கிடையாது.

இடம்தான் பெரிய தலைவலி. 1969 கமாரோவின் இடப் பக்கத்தில் ஸ்டியரிங் பாக்ஸ், கிளட்ச் லிங்க், ஆயில் ஃபில்டர். வலப் பக்கத்தில் ஸ்டார்ட்டர். நீளக் குழாய் இவற்றுக்கு நடுவில் நுழைந்து இறங்க வேண்டும். வழக்கமாக மவுன்ட் (எஞ்சினைச் சட்டத்தில் தாங்கும் ரப்பர் பிடி) போல்ட்டைக் கழற்றி, எஞ்சினை ஓரிரு அங்குலம் தூக்கி, ஹெடரைக் கீழிருந்து ஏற்றுவார்கள். ஸ்டார்ட்டரையும் முதலில் கழற்றிவிடுவது நல்லது. பக்கத்துக்கு ஆறு போல்ட். ஆறையும் கையால் திருகி நிறுத்திய பிறகே ஸ்பேனர். முதல் போல்ட்டை ஆர்வத்தில் இறுக்கிவிட்டால் ஆறாவது துளை கண்ணாமூச்சி ஆடும்.

எல்லாம் மாட்டிய பிறகு இடப் பக்கக் குழாய்க்கும் ஸ்டியரிங் தண்டுக்கும் நடுவில் ஒரு விரல் போகிறதா என்று பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் இந்த எஞ்சின் முறுக்கிக்கொண்டு இடப் பக்கமாக எழும்பும். அன்றைய ரப்பர் மவுன்ட்டுகளை நம்ப முடியாது; 1965–69 செவ்ரலேக்களில் அது அறுந்து எஞ்சின் எழும்புகிறது என்று 1971 கடைசியில் 66 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. ஹெடர் மாட்டும் அன்றே மவுன்ட்டையும் மாற்றிவிடுவது என் கட்சி. எஞ்சின் ஏற்கெனவே தூக்கித்தானே இருக்கிறது.

அப்புறம் வண்டி ஓடும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்டால் கேஸ்கட் கசிகிறது. எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கும் தகடான ஃபிளேஞ்ச் மெல்லியதாக இருந்தால் சூட்டில் வளையும் என்பதால், அது ⅜ அங்குலத் தடிமன் இருக்கும் ஹெடராகப் பார்த்து வாங்குவது உத்தமம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்னால் படபடவென்று வெடித்தாலும் முதலில் கேஸ்கட்டைத்தான் பார்க்க வேண்டும். அதே கசிவு அலையின் உறிஞ்சும் பாதியில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது; எரியாத பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து குழாயில் எரிகிறது.

எஞ்சின் இப்போது கூடுதலாகக் காற்றிழுப்பதால், கார்புரெட்டரில் மெயின் ஜெட்டை (பெட்ரோல் போகும் சின்னத் துளை) ஓரிரு எண் பெரிதாக்க வேண்டியிருக்கலாம். ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்: வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. ப்ளக் ஒயர் குழாயைத் தொடாமல் கட்டிவையுங்கள், ஒரே ஓட்டத்தில் உருகிவிடும். முதல் ஓட்டம் முடிந்து, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் பன்னிரண்டு போல்ட்டையும் இன்னொரு முறை இறுக்குங்கள். நான்கைந்தாவது கால் சுற்றாவது திரும்பும்.