மிருதங்கம் எந்தப் பக்கம்?

அண்மையில் ஒரு கச்சேரிப் பதிவைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். காணொளியில் மிருதங்க வித்வான் திரையின் இடப்பக்கம் அமர்ந்திருக்கிறார். அவருடைய வாசிப்போ ஹெட்ஃபோனின் வலப்பக்கம் கேட்கிறது. வயலின் இடது காதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிக்ஸிங் செய்தவர் பாடகரின் வலம், இடம் பார்த்து, ஒலியை இடவலமாக நகர்த்தும் குமிழ்களைத் திருப்பிவிட்டார். கேட்பவர் உட்கார்ந்திருப்பது மேடையில் அல்லவே, அரங்கில்.

கர்நாடக இசை மேடையில் மிருதங்கம் பாடகரின் வலக்கைப் பக்கம் இருப்பது வெறும் வழக்கம் அன்று. வித்வான் பாடகரைப் பார்த்து அமரும்போது, கணீரென்று ஒலிக்கும் முகமான வலந்தலை ரசிகர்களை நோக்கி இருக்க வேண்டும். அதனால் ரசிகருக்குக் குரல் நடுவில், மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். இடக்கை வித்வான் என்றால் பக்கங்கள் மாறிவிடும். பழநி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வாசித்தவர்தான். ஆகவே மைக் வைக்கும் முன்பே யார் எங்கே அமர்கிறார்கள் என்று ஒரு தாளில் வரைந்துகொள்கிறேன். கடம், கஞ்சிரா, தம்புரா எல்லாம் அந்தப் படத்தில் வந்துவிடும்.

பக்கம் சரியாக இருந்தாலும், எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில் தவறுகிறோம். நானே தவறியிருக்கிறேன். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவருக்கு இடது காது கேட்காது. நான் முடித்துக் கொடுத்த பதிவைக் கேட்டுவிட்டு, "தனி ஆவர்த்தனத்தை ஏன் தம்பி குறைத்துவிட்டீர்கள்?" என்று கேட்டார். தனி ஆவர்த்தனம் என்பது தாளவாத்தியம் தனித்து ஒலிக்கும் பகுதி. அந்த மிருதங்கத்தை முழுக்க இடப்பக்கம் ஒதுக்கியிருந்தேன். அவருக்குக் கிடைத்தது குரல் மைக்கில் கசிந்திருந்த மங்கலான தட்டல் மட்டுமே. பஸ்ஸில் ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் செருகிக் கேட்பவருக்கும் இதே கதிதான்.

அதன்பின் பக்கவாத்தியங்களை நடுவிலிருந்து ஓரம்வரை உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகர்த்துவதில்லை. கல்பனாஸ்வரத்தில் பாடகர் முடித்த இடத்தில் வயலின் எடுக்கும்போது, பதில் பக்கத்திலிருந்து வருவதை உணர அந்த அளவே போதும்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைப்பவர்கள் வலந்தலையை ஒரு காதுக்கும், கனத்த ஒலி தரும் மறுமுகமான தொப்பியை மறு காதுக்கும் பிரித்துவிடுகிறார்கள். ஒரே வாத்தியம் மேடை முழுவதும் நீண்டு, பாடகர் அதற்குள் உட்கார்ந்திருப்பதுபோல் ஆகிவிடுகிறது. இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும். சேர்க்கும்போது தொப்பியின் கும்கி என்னும் கனத்த நாதம் மெலிந்தால், ஒரு மைக்கின் துருவத்தை மாற்றி, அதாவது அதன் அலையைத் தலைகீழாக்கிக் கேளுங்கள். எது நிறைவாக ஒலிக்கிறதோ அதுவே சரி.

ஒரு வாத்தியத்தின் ஒலி இன்னொன்றின் மைக்கில் கசிவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வயலின் ஒலி அதன் மைக்கை அடைந்தபின், ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் குரல் மைக்குக்கு ஏறத்தாழ 3 மில்லிவினாடி தாமதித்துப் போகிறது. இரண்டையும் கலக்கும்போது சில சுருதிகளில் அலைகள் ஒன்றையொன்று அழித்து, வயலின் குழாய்க்குள் வாசிப்பதுபோல் ஆகிறது. மைக்கை வாத்தியத்தின் அருகில் வைப்பதே இதற்கு மருந்து. மிக்ஸிங்கில் தேடினால் கிடைக்காது. மேடைக்கு எதிரே 17 செ.மீ. இடைவெளியில், 110 பாகை விரித்து ஸ்டீரியோ ஜோடி மைக் வைத்திருந்தால், அது வயலினை வலப்பக்கமே பிடித்திருக்கும். அருகு மைக்கை நீங்கள் இடப்பக்கம் திருப்பினால் ஒரே வயலின் இரண்டு இடத்தில் கேட்கும்.

பதிவை வெளியிடும் முன் மோனோவில், அதாவது இரு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். சிறிய புளூடூத் ஒலிபெருக்கிகள் பலவற்றில் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். அங்கே வயலின் கரைந்துபோனால் வேலை முடியவில்லை என்று பொருள்.

ஒரு காதால் மட்டும் கேட்பவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் கைபேசியின் அணுகல்வசதி அமைப்பில் மோனோ ஒலியை இயக்கிக் கொடுங்கள். அந்தப் பெரியவருக்கு நான் செய்து கொடுத்தேன். பழைய பதிவுகளை முதலிலிருந்து கேட்கத் தொடங்கியிருக்கிறார்.