லீஸ்: குத்தகையா, வாடகையா?

சாங்கி விமான நிலையத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் சிங்கப்பூரில் நிறைய. "லீஸ் பேச்சு நடக்கிறதாம், ஃபிளீட்டை (நிறுவனத்தின் மொத்த விமானங்களை) குறைக்கப் போகிறார்களாம்" என்று ஒரு தகவல் வந்தால், அந்த வீடுகளில் தூக்கம் போய்விடும். விமான நிறுவனம் பிறருடைய விமானத்தை எடுத்து ஓட்டுவதற்கான அந்த 'லீஸ்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை ஊழியர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பிரெஞ்சு மொழியில் 'விட்டுவிடு' என்று பொருள்படும் வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் லீஸ். அதற்கும் வேர், 'தளர்த்து' என்னும் லத்தீன் சொல். தமிழிலும் நிலத்தைக் குத்தகைக்கு 'விடுகிறோம்' என்றுதான் சொல்கிறோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் 99 ஆண்டுக் குத்தகையால் இந்தச் சொல் நம் எல்லாருக்கும் பழக்கம். விமானத்துக்கும் குத்தகை என்பதே சரியான சொல். வாடகை என்று எழுதினால், வேண்டாமென்றால் அடுத்த மாதமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் வரும். விமானக் குத்தகை அப்படியல்ல. பல ஆண்டுகளுக்குக் கட்டிப்போடும் ஒப்பந்தம்.

வயலில் குத்தகை வேறு, வாரம் வேறு. குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய தொகையைக் கொடுக்க வேண்டும். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. 2020இல் கொவிட் வந்து விமானங்கள் தரையில் நின்றபோது, உலகெங்கும் விமான நிறுவனங்கள் பேசியது ஏறக்குறைய இந்த வேறுபாட்டைத்தான். மாதத் தொகையைத் தள்ளிவையுங்கள், இல்லையென்றால் பறந்த மணிக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். 'பவர் பை தி அவர்' என்பது அதன் பெயர். தமிழில் 'பறப்பு மணிக் குத்தகை' எனலாம். விமானத்தைத் திரும்ப வாங்கினாலும் வேறு யாருக்கும் விட முடியாத நேரம் என்பதால், உரிமையாளர்கள் பலரும் இறங்கி வந்தார்கள்.

அப்புறம், குத்தகை முடிந்த விமானத்தை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. ஒப்பந்தத்தில் சொன்ன நிலையில், முக்கியப் பாகங்களின் பதிவேடுகளோடு ஒப்படைக்க வேண்டும். இதை 'மீள் ஒப்படைப்பு' என்று சொல்வது பொருந்தும். அதற்கான வேலையைச் செய்பவர்கள் பொறியாளர்களும் தொழில்நுட்பர்களும். விமானங்கள் குறையப் போகிற நேரத்தில் பராமரிப்புக் கூடத்தில் வேலை கூடுவதற்குக் காரணம் இதுதான். வேலை கூடியிருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது.

'வெட் லீஸ்' என்று ஒன்று உண்டு. அதை 'ஈரக் குத்தகை' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. விமானத்தோடு விமானி, சிப்பந்திகள், பராமரிப்பு, காப்புறுதி எல்லாம் சேர்ந்து வருவது அது. 'ஆளோடு குத்தகை' என்றால் போதும். விமானம் மட்டும் வருகிற 'டிரை லீஸ்' வெறுங்குத்தகை. ஊழியருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். வெறுங்குத்தகை விமானத்தில் நம் ஆட்கள் வேலை செய்வார்கள். ஆளோடு வந்ததில் வேறு நிறுவனத்தின் ஆட்கள்.

ஃபிளீட் என்பதற்கு 'விமானத் தொகுதி' போதும். பழைய ஆங்கிலத்தில் 'மிதத்தல்' என்ற பொருளிலிருந்து வந்த சொல் அது. கப்பல் கூட்டத்துக்கு வழங்கியது விமானத்துக்கும் வந்துவிட்டது. தொகுதி குறையும்போது எல்லாருக்கும் ஒரே அளவில் அடி விழுவதில்லை. விமானி ஒவ்வொரு விமான வகைக்கும் தனித் தகுதி பெற வேண்டும் என்பதால், ஒரு வகையை மொத்தமாக நிறுத்தினால் அதை ஓட்டியவர்கள்தான் முதலில் தவிப்பார்கள்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் 2020 செப்டம்பரில் ஏறத்தாழ 4,300 வேலையிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. விருப்ப விலகல், ஆளெடுப்பு நிறுத்தம் போன்றவை போகப் பாதிக்கப்படுவோர் சுமார் 2,400 பேர் என்றது. 26 விமானங்கள் தேவைக்கு மேல் இருப்பதாக அதே ஆண்டு நவம்பரில் சொன்னது. 2025 ஜூலை 31இல் ஜெட்ஸ்டார் ஏஷியா மூடப்பட்டபோது அதன் 13 விமானங்களும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கு என்று முடிவாகியிருந்தது. வேலை இழந்தவர்கள் 500 பேருக்கு மேல்.

இதற்கு நம் ஊரில் வழங்கும் சொல் 'ஆட்குறைப்பு'. அதில் 'ஆள்' இருக்கிறது, அதனால் 'சீரமைப்பு' என்பதைவிட நேர்மையான சொல். கடிதத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும், வேலையிடமே இல்லாமல் போனதால் அனுப்புகிறார்கள் என்றால் அது ஆட்குறைப்புதானா என்று கேளுங்கள். குறைந்தது 10 ஊழியர் உள்ள நிறுவனம், ஊழியரிடம் சொன்ன 5 வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் கையெழுத்துப் போடுமுன் கடிதத்தை அங்கே காட்டுங்கள்.